ஆட வந்தவங்களை ஆட விடுங்கப்பா!

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, வீட்ல தங்கமணியோட உத்தரவுகள் அதை விட ஜாஸ்தி. ஆனா போன மாசம் நான் பண்ணின ஒரு காரியம் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. எழுதித் தீர்த்தாத்தான் தூக்கம் வரும்னு தோணிச்சு. அதான் வந்துட்டேன்.

விஷயம் நான் மாசம் ஒரு தடவை ஆடப் போற சோல் நைட் பத்தினது. "என்னது, நீ ஆடறியா?"ன்னு சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க, நான் காத்திருக்கேன் :-)

முடிஞ்சதா? சரி. தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தெரிஞ்சவங்க மூணு பத்தி தாண்டிக்கலாம்.

1960கள்ல அமெரிக்காவுல, டெட்ராய்ட், சிகாகோ மாதிரி ஊர்கள்ல கறுப்பினப் பாடகர்கள் பாடின வேகமான சோல் பாட்டுங்க நிறைய வந்துச்சு. மோடவுன் கம்பெனி ஹிட்டா அடிச்சுத் தள்ளினதைப் பார்த்துட்டு, அதே மாதிரி நாமும் அடிக்கலாம்னு ஏகப்பட்ட சின்னச் சின்னக் கம்பெனிங்க ரெக்கார்டு போட்டாங்க. முக்கால்வாசி போணியாகலை. அந்தப் போணியாகாத ரெக்கார்டுகளைத் தேடித் தேடி வாங்கி, விடிய விடிய ஆடினது இங்கிலாந்தோட வடக்குப் பக்கம் மில்லுலயும் ஃபேக்டரியிலயும் வேலை பார்த்த பசங்களும் பொண்ணுங்களும். லண்டன்ல 'சோல் சிட்டி'ன்னு ரெக்கார்டு கடை வச்சிருந்த டேவ் காடின்தான் இதுக்கு 'நார்தர்ன் சோல்'னு பேர் வச்சவர். ஃபுட்பால் மேட்ச் பார்க்க லண்டன் வர்ற வடக்கத்திப் பசங்க, அப்போ புதுசா வந்ததை எல்லாம் ஒதுக்கிட்டு பழைய வேகப் பாட்டையே கேப்பாங்களாம். கடையில அடையாளத்துக்குச் சொன்ன பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு.

மான்செஸ்டர்ல 'ட்விஸ்டட் வீல்', ஸ்டோக் பக்கம் 'கோல்டன் டார்ச்', பிளாக்பூல்ல 'மெக்கா', எல்லாத்துக்கும் மேல 'விகன் கசினோ'. விகன் கசினோவுல முதல் ராத்திரி 1973 செப்டம்பர் 23. மூடினது 1981 டிசம்பர். பேரு கசினோன்னாலும் சூதாட்டம் கிடையாது, பழைய பால்ரூம். விடிய விடிய நடந்த அந்த ஆட்டத்துல சரக்கும் கிடையாது. காலையில 8 மணிக்கு முடியும். முடிக்கிறப்போ எப்பவும் அதே மூணு பாட்டு. அதுக்கு 'எட்டுக்கு முன்னாடி மூணு'ன்னே பேரு.

ரெக்கார்டு பைத்தியம் எந்த அளவுக்குன்னா, ஃப்ராங்க் வில்சன் 1965ல பாடின ஒரு சிங்கிள், 2009ல 25,000 பவுண்டுக்கு மேல வித்துச்சு. ஒரு ரெக்கார்டு சார், ஒரே ஒரு ஏழு இஞ்ச் ரெக்கார்டு! இதைச் சொன்னப்போ தங்கமணி என்னோட ரெக்கார்டுப் பெட்டியை ஒரு மாதிரியாப் பார்த்தாங்க. விக்க முடியாதும்மா, என்கிட்ட இருக்கறதெல்லாம் அஞ்சு பவுண்டு சமாச்சாரம்.

அறிமுகம் ஓவர். மேட்டருக்கு வர்றேன்.

எட்டு வருஷம் முன்னாடி ஆபீஸ் நண்பர் ஒருத்தர் லங்காஷயர்ல ஒரு சின்ன ஊர்ல இருக்கற தொழிலாளர் கிளப்புக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போனார். உள்ளே போனா மரத் தரை, மேல பழைய அலங்கார விளக்கு, ஒரு மூலையில ரெண்டு டர்ன்டேபிள். ஐம்பது அறுபது பேர். பாதிப் பேருக்கு மேல தலை நரைச்சாச்சு. ஜோடி எல்லாம் கிடையாது, அவங்கவங்க தனித்தனியா ஆடுறாங்க. ஆனா என்னா ஆட்டம்! குதிகால்ல சாஞ்சு, தரையில வழுக்கற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ட்டு வர்றாங்க. பாட்டு ஒரு இடத்துல நின்னு திரும்ப எடுக்கும் பாருங்க, சரியா அங்க ஒரு சுத்து சுத்துறாங்க. எழுபது வயசு இருக்கும்னு நான் நினைச்ச ஒருத்தர் அப்படியே பின்னாடி விழுந்து, கையை ஊனி, எந்திரிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி அடுத்த அடி எடுத்து வைக்கிறார்.

நமக்குத்தான் கை கால் சும்மா இருக்காதே. ரெண்டாவது பாட்டுல இறங்கிட்டேன். எனக்குத் தெரிஞ்சது கல்யாண ஊர்வலத்துல ஆடின குத்துதான். அதை வச்சு ஒப்பேத்திக்கிட்டு இருந்தேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

ஒரு ஆளு வந்தார். பை நிறைய பழைய கிளப்புகளோட பேட்ஜ் குத்தியிருந்தார். பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போதே என் ரெண்டு தோளையும் பிடிச்சு நிறுத்தி, "இது அப்படி இல்ல மேட், இப்படி"ன்னு ஆடிக் காட்டினார். கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்லை, சிரிச்ச முகம்தான். ஆனா எனக்கு அந்த ஹால்ல இருந்த அத்தனை பேரும் என்னையே பார்க்கற மாதிரி ஆயிடுச்சு. ஏற்கெனவே அங்க நான் ஒருத்தன்தான் பழுப்பு நிறம். "தேங்க்ஸ்"னு சொல்லிட்டு சுவரோரமாப் போய் நின்னேன். அடுத்த ஒரு மணி நேரம் சுவருக்கும் எனக்கும் நல்ல பழக்கம் ஆச்சு.

என்னைக் காப்பாத்தினது ஒரு அம்மா. (பாட்டின்னு எழுதினா அடிக்க வருவாங்க. பதினாறு வயசுல விகன் கசினோவுக்கு பஸ் பிடிச்சுப் போனவங்க. கணக்கு நீங்களே போட்டுக்கங்க.) பக்கத்துல வந்து நின்னு, "என்ன லவ், கால் வலியா?"ன்னு கேட்டாங்க. பயப்படாதீங்க மக்களே, லங்காஷயர்ல பஸ் டிரைவரைக் கூட 'லவ்'னுதான் கூப்பிடுவாங்க. "எனக்கு இது வராதுங்க"ன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை. "நான் அந்த மூலையிலதான் ஆடுவேன். இஷ்டம் இருந்தா பக்கத்துல வந்து நில்லு. என் காலைப் பார்க்காதே, பாட்டைக் கேளு"ன்னாங்க. அவ்வளவுதான்.

போய் நின்னேன். அவங்க என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் பெரிய உதவி. யாரும் பார்க்கலைன்னு தெரிஞ்சதும் கால் தானா ஒரு வழிக்கு வந்துச்சு. அடுத்த மாசமும் போனேன், அதுக்கடுத்த மாசமும் போனேன். நாலஞ்சு மாசம் கழிச்சு நானே போய், "அந்தத் திருப்பம் எப்படிங்க?"ன்னு கேட்டேன். கோட் மாட்டற இடத்துக்குப் பக்கத்துல வராந்தா இருக்கு, அங்க கூட்டிக்கிட்டுப் போய்ப் பத்தே நிமிஷத்துல காட்டினாங்க. இன்னிக்கும் எனக்கு உருப்படியாத் தெரிஞ்ச திருப்பம் அது ஒண்ணுதான்.

இப்போ போன மாசக் கதை. அதே கிளப். இருபத்தி மூணு, இருபத்தி நாலு வயசு இருக்கும், ஒரு பொண்ணு தோழியோட வந்திருந்துச்சு. தோழி உட்கார்ந்துட்டா, இந்தப் பொண்ணு மட்டும் ஃப்ளோர்ல இறங்கிச்சு. தாளத்துக்கு அரை அடி பின்னாடிதான் கால் விழுது, கையை எங்க வைக்கிறதுன்னு தெரியலை. உதடு அசையறதைப் பார்த்தா ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டு ஆடுறது தெரிஞ்சுச்சு. ஆனா முகத்துல ஒரு சிரிப்பு இருந்துச்சு பாருங்க...

நான் என்ன பண்ணினேன்? எட்டு வருஷ அனுபவசாலி இல்லையா. நேராப் போய், "குதிகாலை முதல்ல வையுங்க, எண்ணாதீங்க, தோளைத் தளர்த்துங்க"ன்னு மூணு பாடம் ஒரே மூச்சுல எடுத்தேன். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே "தேங்க்ஸ்"னு சொல்லிச்சு. அந்த 'தேங்க்ஸ்' எனக்கு நல்லாத் தெரிஞ்ச 'தேங்க்ஸ்'. எட்டு வருஷம் முன்னாடி நான் சொன்ன அதே 'தேங்க்ஸ்'. அந்தப் பாட்டு முடிஞ்சதும் உட்கார்ந்துடுச்சு. இன்னும் ரெண்டு பாட்டுல தோழியும் அதுவும் கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

மூலையில இருந்து நம்ம அம்மா பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. தண்ணி குடிக்கப் போனப்போ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "அந்தப் பொண்ணு உன்கிட்ட கேட்டுச்சா?"

இல்லை. கேக்கலை.

அன்னிலேர்ந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன். என் கட்சி இதுதான்: ஃப்ளோர்ல இருக்கறவங்களுக்கு, அவங்க கேக்காம ஆட்டம் சொல்லிக் குடுக்கக் கூடாது. எவ்வளவு நல்ல எண்ணமா இருந்தாலும் சரி.

ஏன்னா, முதல் விஷயம், இது ஜோடி ஆட்டம் இல்லை. நீங்க தப்பா ஆடினா இன்னொருத்தர் ஆட்டம் கெட்டுப் போகாது. என் கால் தாளம் தப்பினா அது என் காலோட பிரச்சினை. ஜோடி ஆட்டமான டாங்கோவுலயே, ப்யூனோஸ் ஐரிஸ் மிலோங்காக்கள்ல, ஆடுற இடத்துல நின்னு பாடம் எடுக்கிறது மரியாதைக் குறைவுன்னு வச்சிருக்காங்க. அங்கேயே அப்படின்னா இங்க நமக்கு என்ன வேலை?

ரெண்டாவது, 'சரியான' ஆட்டம்னு ஒண்ணை யாருங்க முடிவு பண்ணினது? பாட்டு டெட்ராய்ட்ல பொறந்துச்சு, ஆட்டம் வேற எங்கேயோ இங்க பொறந்துச்சு. ட்விஸ்டட் வீல்ல ஆடினவங்களுக்கு எந்த வாத்தியாரும் கிடையாது. அமெரிக்காவுலேர்ந்து வந்த பாடகர்கள் மேடையில சுத்தினதையும் விழுந்து எந்திரிச்சதையும் பார்த்துப் பழகினாங்கன்னு சொல்லுவாங்க. 70கள்ல வந்த குங்ஃபூ படங்களோட உதை கூட உள்ளே நுழைஞ்சுச்சுன்னு சொல்றவங்க உண்டு. விகன் கசினோவுல மாடியில நின்னு கீழே ஆடுறவங்களைப் பார்த்துட்டு, வீட்ல சமையல்கட்டுத் தரையில பழகிப் பார்த்ததா நம்ம அம்மாவே சொல்லியிருக்காங்க. ஆக, தப்பா ஆடின புதுசுங்க எல்லாம் சேர்ந்து உண்டாக்கினதுதான் இன்னிக்கு நாம 'சரி'ன்னு சொல்ற ஆட்டம். அந்தக் கதவை நாம மூடலாமா?

மூணாவது கொஞ்சம் கசப்பான விஷயம். எட்டு வருஷமா நான் பார்த்த வரைக்கும், கேக்காம சொல்லிக் குடுக்கப் போறது பெரும்பாலும் நடுவயசு ஆம்பிளைங்க. மாட்டறது பெரும்பாலும் இளவயசுப் பொண்ணுங்க. தனியா ஆடுற ஆட்டத்துல இடுப்புல கை வச்சுத் திருப்பிக் காட்ட வேண்டிய அவசியமே கிடையாது. அப்படிச் செய்யறதையும் பார்த்திருக்கேன். நான் யாரையும் தொடலை. ஆனா அந்தப் பொண்ணுக்கு நான் எந்த ரகம்னு எப்படித் தெரியும்? தெரியாத ஊர், தெரியாத ஹால், நடுவயசு ஆளு ஒருத்தன் நேரா வந்து உன் தோள் சரியில்லைங்கறான். நானா இருந்தாலும் கோட்டை எடுத்து மாட்டியிருப்பேன்.

"அப்ப யாரும் எதுவும் சொல்லவே கூடாதா?"ன்னு கேப்பீங்க. சொல்லணும். ஆட்டத்தைப் பத்தி இல்லை, இடத்தைப் பத்திச் சொல்லணும். ரெண்டும் வேற வேற. பழைய ஆளுங்க சொல்லியே ஆக வேண்டியதுன்னு நான் நினைக்கிறது இவ்வளவுதான்:

1. கையில கிளாஸோட ஃப்ளோருக்குள்ள வராதீங்க, குறுக்கே நடக்காதீங்க. மரத் தரையில ஒரு சொட்டு பீர் சிந்தினாப் போதும், தோல் அடி வச்ச ஷூ போட்டுச் சுத்தறவருக்கு மணிக்கட்டு காலி. அறுபத்தெட்டு வயசுல எலும்பு சேர நாளாகும்.

2. காலை வீசறதுக்கும், சுத்தறதுக்கும், பின்னாடி விழறதுக்கும் முன்னாடி சுத்துமுத்தும் பாருங்க. பெரிய வித்தை எல்லாம் இடம் இருந்தாத்தான். இடிச்சுட்டா ஒரு கை தூக்கி 'சாரி' சொன்னாப் போதும், யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க.

3. ரப்பர் அடி ஷூவோட சுத்தப் பார்த்தா ஷூ தரையைப் பிடிச்சுக்கும், முட்டி மட்டும் திரும்பும். இது நிஜமாவே ஆபத்து. இதைச் சொல்லலாம், ஆனா பாட்டு முடிஞ்சப்புறம், ஃப்ளோருக்கு வெளியே, மெதுவா.

4. பவுடர் கொட்டறதுக்கு முன்னாடி கேளுங்க. அந்தக் காலத்துல தரை வழுக்கட்டும்னு டால்கம் பவுடர் கொட்டி ஆடினாங்க. இன்னிக்குப் பல ஹால்ல அதுக்குத் தடை. நம்ம உற்சாகத்துல கிளப்போட இடம் போயிடக் கூடாது.

5. ஃப்ளோர் நடுவுல நின்னு அரட்டை வேண்டாம். அதுக்கு பார் இருக்கு.

6. இது புதுசுங்களுக்கு இல்லை, நமக்கு: புதுசா ஆடுறவங்களை மொபைல்ல படம் பிடிக்காதீங்க. கூச்சத்தை விட்டு இறங்கினவங்களை ஊருக்கே காட்டறது மாதிரி ஒரு துரோகம் கிடையாது.

கவனிச்சீங்களா, இந்த ஆறுல ஒண்ணு கூட குதிகால், தோள், தாளம் பத்தினது இல்லை. கை தட்டற இடம் கூடச் சொல்லித் தர வேண்டாம். சில பாட்டுல குறிப்பிட்ட இடத்துல ஹால் மொத்தமும் ஒண்ணாத் தட்டும். ரெண்டு தடவை கேட்டா மூணாவது தடவை கை தானா போகும். தப்பான இடத்துல தட்டினாத்தான் என்ன, குடியா முழுகிடும்? கச்சேரியில பக்கத்து சீட்டுக்காரர் தாளம் தப்பாப் போட்டா அவர் கையைப் பிடிச்சு சரி பண்ற மாமாவை உங்களுக்குத் தெரியும்தானே? நாம அந்த மாமா ஆயிடக் கூடாதுங்க.

இதுக்கு எதிர்க்கட்சி வாதமும் இருக்கு, அதையும் சொல்லாட்டா நியாயமில்லை. 1973ல பதினாறு வயசுல விகன் கசினோவுக்குப் போனவங்க இப்போ எழுபதை நெருங்கிக்கிட்டு இருக்காங்க. எங்க கிளப்ல வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு இடம் காலியாகுது. ஏன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. "யாரும் சொல்லிக் குடுக்கலேன்னா இது எங்களோட போயிடும்"னு சொல்றவங்க வலி எனக்குப் புரியுது. என் தோளைப் பிடிச்சவர் மேல எனக்கு இப்போ கோபம் இல்லாததுக்குக் காரணமும் அதான். அவர் என்னை விரட்டப் பார்க்கலை. தன் கையில இருக்கற சொத்தை யார்கிட்டயாவது குடுத்துடணும்னு அவசரப்பட்டார்.

ஆனா குடுக்கறதுக்கு வேற வழி இருக்கு. எலேன் கான்ஸ்டன்டைன் 2014ல வெளிவந்த 'நார்தர்ன் சோல்' படத்தை எடுக்கறப்போ, இளசுகளுக்குன்னே தனியா ஆட்டப் பயிற்சி நடத்தித்தான் அந்தக் கூட்டக் காட்சிகளுக்குத் தயார் பண்ணினார். இப்போ பல ஊர்ல சோல் நைட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, ஒரு மணி நேரம் புதுசுங்களுக்கு வகுப்பு வைக்கிறாங்க. "வகுப்புல கத்துக்கிட்டா எல்லாரும் ஒரே அச்சா ஆடுவாங்க, ஆத்மா இருக்காது"ன்னு முணுமுணுக்கற பழைய ஆளுங்க உண்டு. அதுல கொஞ்சம் உண்மையும் உண்டு. இருக்கட்டுமே. அச்சுல ஆரம்பிச்சவங்களும் ஆறு மாசத்துல தன் வழிக்கு வந்துடுவாங்க. முக்கியமான வித்தியாசம், வகுப்புக்கு வர்றவங்க கத்துக்கணும்னு கேட்டு வர்றாங்க. ஃப்ளோர்ல நிக்கிறவங்க ஆட வந்திருக்காங்க.

இன்னொண்ணு. பாடம் எடுக்காதேன்னு சொன்னா, கண்டுக்காதேன்னு அர்த்தம் இல்லை. இதுலயும் எங்க ஆளுங்க கோட்டை விடறாங்க. புதுசா ஒருத்தர் வந்தா ராத்திரி முழுக்க ஒருத்தரும் பேசாம விட்டுடறது, பாடம் எடுக்கறதை விட மோசம். "எங்கேருந்து வர்றீங்க? அந்தப் பாட்டு பிடிச்சுதா? பாடினது யாரு தெரியுமா?"ன்னு கேளுங்க. பாட்டைப் பத்திப் பேசினா யாரும் கோட்டை எடுக்க மாட்டாங்க. அவங்களே ஒரு நாள் "அந்தத் திருப்பம் எப்படி?"ன்னு கேப்பாங்க. அன்னிக்கு வராந்தாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க, தெரிஞ்சதெல்லாம் கொட்டுங்க. எனக்கு நடந்தது அதுதான். அந்த அம்மாவும் தோளைப் பிடிச்சு நிறுத்தியிருந்தா, இந்த எட்டு வருஷத்தை நான் டிவி முன்னாடி கழிச்சிருப்பேன்.

இந்த மாசமும் போயிருந்தேன். அந்தப் பொண்ணு வரலை. கதவு திறக்கறப்ப எல்லாம் பார்த்துக்கிட்டே இருந்தேன். வந்தா என்ன சொல்லணும்னு ஒரு மன்னிப்பு கூட யோசிச்சு வச்சிருந்தேன். அம்மாகிட்ட சொன்னப்போ, "மன்னிப்புன்னு போய் திரும்பவும் அதைத் தொந்தரவு பண்ணாதே. வந்தா தள்ளி நின்னு ஆடு, போதும்"ன்னுட்டாங்க. அதுவும் சரிதான்.

வேற ஒரு பையன் புதுசா வந்திருந்தான். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. கடிச்சுக்கிட்டேன். பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டினோம், அவனும் தட்டினான். அடுத்த பாட்டுக்கும் இருந்தான். கடைசிப் பாட்டு வரைக்கும் இருந்தான்.

உங்க பக்கம் எப்படிங்க? சல்சா, பறை, பஜனைக் கோஷ்டி, டென்னிஸ் கோர்ட், எதுவா இருந்தாலும் சரி. முதல் நாள் உங்களை உட்கார வச்ச ஆளு யாரு, எழுப்பி விட்ட ஆளு யாரு? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: இந்தப் பதிவைப் படிச்சுட்டு "நீங்க ஆடுற வீடியோ போடுங்க"ன்னு கேக்கறவங்க, மேல ஆறாவது விதியை இன்னொரு தடவை படிக்கவும் :-)